ஐந்தரை மணிச் சோதனை

அக்டோபர் 6, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சர்க்கரை டப்பாவைத் திறந்து எறும்புகளை வெளியே போகச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அசையவில்லை. செண்பகவல்லி பாயில் படுத்தபடியே, "யார்ட்ட மைனி பேசுதிய?" என்றாள். என் தம்பி மனைவி. தம்பி திருப்பூரில் வேலை பார்ப்பதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். எறும்புகளிடம் என்றேன். "அதுகளுக்காவது கேக்குதா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என் குரலைப் பற்றிப் புளியங்குடியில் எல்லாருக்கும் இதே கருத்துதான். பஸ்ஸில் நான் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் என் உதட்டைப் பார்ப்பார். நான் வேலை பார்ப்பதோ வானொலியில். சிரிக்க வேண்டாம், மைக்குக்கு முன்னால் அல்ல. 'கூப்பிடுதூரம்' சமுதாய வானொலியின் தொழில்நுட்பப் பொறுப்பாளர். பி.எஸ்ஸி இயற்பியல்.

இன்று பெட்டி வந்தது. ஆடியோ பிராசஸர். தட்டையாக, பழைய வீடியோ டெக் மாதிரி இருக்கிறது. முகம் முழுக்கப் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள். ஸ்டுடியோவிலிருந்து வரும் ஒலி இனி இதற்குள் புகுந்துதான் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். மெலிந்த சத்தத்தைத் தூக்கிவிடும், பெருத்ததை அமுக்கிவிடும். எங்களுக்கு இது அவசியம். எலுமிச்சை விவசாயி முணுமுணுப்பாகப் பேசும்போது நேயர் ரேடியோவின் குமிழைத் திருகி ஏற்றுவார். அந்த நேரம் பார்த்து ஜெஸிந்தா, "வணக்கம் நேயர்களே" என்பாள். ஜெஸிந்தா எங்கள் அறிவிப்பாளர். அவள் வணக்கத்துக்கு எலுமிச்சை மண்டியில் மாடுகள் மிரண்டதாகப் புகார் வந்திருக்கிறது.

இயக்குநர் துரைராஜ் சார் மூன்று முறை செருமிவிட்டு (எதற்கும் மூன்று முறை செருமுவார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்), "எம்மா கோமதி, தீவாளிக்குள்ள நம்ம ஸ்டேஷன் எடுப்பா கேக்கணும். மத்த ஸ்டேஷன்லாம் நமக்கு முன்னால குசுகுசுன்னு இருக்கணும்" என்றார்.

செய்துவிடலாம். ஒலிபரப்பு ஆறு மணிக்குத் தொடங்குகிறது. நாளையிலிருந்து ஐந்தரைக்கே போய்ச் சோதிக்கப் போகிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று என்னமோ ஆகிவிட்டது எனக்கு. காய்கறிக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்காமலே வந்துவிட்டேன்.

முறையாக எழுதுகிறேன். சோதனையின்போது டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவிலிருந்து விலக்கி டம்மி லோடுக்கு மாற்ற வேண்டும். டம்மி லோடு என்பது ஒரு விழுங்குபெட்டி. டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் சக்தி முழுவதையும் வாங்கிச் சூடாக்கித் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஊருக்குள் ஒன்றும் போகாது. கசிவதைப் பிடித்து நம் அறை ரேடியோவில் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஐந்தரைக்கு 'லோடு' பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. விழுங்குபெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், குளுகுளுவென்று இருந்தது. பழைய காலத்துச் சரக்கு, தரமே தனி.

பெட்டி விற்ற கோயம்புத்தூர் கம்பெனியின் பொறியாளர் சென்னியப்பன் போனில் வந்தார். பாவம், அந்த நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பாட்டுப் போட்டு செட்டிங் பண்ணாதீங் மேடம். பாட்டு ஏமாத்திப்போடும். பேசுங்க. பேச்சுலதானுங்க பொட்டியோட குணம் தெரியும்."

"என்ன பேச?"

"ஏனுங்?"

"என்ன பேசன்னு கேட்டேன்."

"சத்தமே வர்லீங். என்ன பேசோணுமா? காலைல எந்திரிச்சு மொதல்ல என்ன பண்ணுனீங்களோ அதைச் சொல்லுங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சோதனை மைக்கைப் பிடித்து, நேற்றைய எறும்புக் கதையைச் சொன்னேன். உள்ளீட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பச்சை விளக்குகள் எழுந்தன. பிறகு மஞ்சள். பிறகு காதுக்குள் ஒரு பெண் பேசினாள்.

யாரோ ஒருத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி. வாக்கியத்தின் முடிவில் நான் விடும் சிறு மூச்சுக்கூட முழுசாக இருந்தது. எறும்பு என்றாள். எனக்கே எறும்பின் மீது பாசம் வந்துவிட்டது.

சோதனைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசினேன். அளவுகளை உறுதிசெய்ய வேண்டுமே.

அக்டோபர் 8, புதன்

பூக்காரி மாடத்தியக்கா முழம் போட்டபடியே, "சர்க்கரையில நாலு கெராம்பைப் போட்டு வைங்க, எறும்பு எட்டிப் பாக்காது" என்றாள். நான் எறும்பைப் பற்றி அவளிடம் சொல்லவேயில்லை. முகத்தைப் பார்த்தே வீட்டு விஷயம் சொல்லிவிடுகிறார்கள் இந்தப் பூக்காரிகள்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று காலை முதலில் செய்தது, ஒற்றைச் செருப்பைத் தேடியது. நாய் கொண்டுபோய்விட்டிருந்தது. அதைத்தான் சோதனையிலும் சொன்னேன். நாய் தரப்பு நியாயத்தையும் சொன்னேன்.

நடுவில் நான் பேச்சை நிறுத்தியபோது ஹெட்போனில் கடல் பொங்கியது. பயந்தே போனேன். பார்த்தால் மின்விசிறி. சென்னியப்பனைக் கூப்பிட்டேன்.

"சின்னச் சத்தத்த மறிக்கற கேட்டு போடாம இருக்கறீங்களாட்ட இருக்குதுங் மேடம். கேட்டு போடலைன்னா, நீங்க சும்மா இருந்தாலும் பொட்டி சும்மா இருக்காதுங்க. எங்கியாச்சும் சத்தம் கெடைக்குமான்னு மோந்துட்டே போகும்."

மோந்து பார்த்து விசிறியைப் பிடித்தது. விசிறியை நிறுத்தினேன். பல்லியைப் பிடித்தது. பல்லி ஓய்ந்தது. கடைசியில் என் வயிற்றைப் பிடித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மழைக்கு முன் மேற்கே மலையில் இடி உருளுமே, அப்படி ஒரு உருட்டல். தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதையும் பெட்டி தூக்கிக் கொடுத்தது. பிறகு கேட்டை நாலு படி ஏற்றி வைத்தேன். பெட்டி அடங்கியது.

ஆறரைக்கு வெளியே வந்தால் எதிர்த்த டீக்கடை சாகுல் பாய் ஒரு தட்டில் பன்னோடு நிற்கிறார். "வெறும் வயித்தோட வேலைக்கு வராதிய யக்கா. துட்டு வேண்டாம்." நல்ல மனிதர்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றைய பொருள், செருமல். சிலபேர் குரலைத் திடீரென்று எழுப்புவார்கள், அப்போது பெட்டியின் அமுக்கும் வேகம் போதுமா என்று பார்க்க வேண்டும். அதற்காக, எங்கள் அலுவலகத்தில் ஒரு சார் எப்படிச் செருமுவார் என்று செய்து காட்டினேன். முதல் செருமல் லாரி கிளப்புவது. இரண்டாவது கியர் மாற்றுவது. மூன்றாவதில்தான் வண்டி நகரும். அமுக்கும் வேகம் அருமை. தேவையென்றால் இன்னும் இரண்டு முறை செய்யலாமே என்று செய்தேன்.

பிறகு ஏனோ பழைய கதைக்குப் போய்விட்டேன். கல்லூரி முடித்ததும் ஒரு வானொலியில் குரல் தேர்வுக்குப் போனது. "உச்சரிப்பு சுத்தம். ஆனா குரல் மைக்குக்கே வந்து சேரலையேம்மா" என்றார்கள். அதிலிருந்து குளியலறையில் மட்டும்தான் நேரம் அறிவிக்கிறேன் என்றேன். "நேரம் இப்போது ஐந்து மணி நாற்பத்தாறு நிமிடங்கள்" என்று அறிவித்தும் காட்டினேன். இதெல்லாம் சோதனை வாசகங்கள். எனக்கு அறிவிப்பாளர் ஆகும் ஆசையெல்லாம் இல்லை. அந்த வயசு போய்விட்டது.

மேடையில் வைத்துச் சொல்லச் சொன்னால் செத்துப்போவேன். விழுங்குபெட்டியிடம் என்ன வெட்கம்.

அக்டோபர் 11, சனி

துரைராஜ் சார் இன்று முழுக்கச் செருமவேயில்லை. வாயில் சுக்கு மிட்டாய் அடக்கியிருந்தார். "எங்க வீட்டம்மா வாங்கிக் குடுத்தா. நேத்துலருந்து என்னப் பாத்துப் பாத்துச் சிரிக்கா, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா" என்றார்.

கதவில் ஒரு மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. நிறைய எலுமிச்சம்பழம். எனக்கு ரசத்துக்கு ஒரு பழம்கூட இல்லாமல் இருந்ததால், யாருக்கு வந்ததோ என்று கேட்காமல் நாலு எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் என் உதட்டைப் பார்க்கவில்லை. நான் கேட்குமுன்பே டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, "நாய் செருப்பக் குடுத்துட்டாக்கா?" என்றார். அவருக்கும் அந்த நாய்தான் தொல்லை போல.

அக்டோபர் 12, ஞாயிறு

சோதனை இல்லை. கோயிலில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, "இன்னைக்கு லீவாம்மா? நான் ரேடியோ கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பக்திப் பாடல் உண்டே என்று சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பெட்டியில் ஒலியின் அடர்த்தியை ஒரு படி ஏற்றினேன். கதவில் இரண்டு மஞ்சப்பை.

அக்டோபர் 14, செவ்வாய்

இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலையில் அறை புழுங்கியது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். இன்று கடைசிச் சோதனை. உச்சவரம்பைக் காக்கும் லிமிட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, இரண்டு எண்ண வேண்டும். காது வியர்த்ததால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எண்ணினேன்.

"ஆறு" என்றேன். தெருவிலிருந்து யாரோ "ஆறு" என்றார்கள்.

"ஏழு." தெருவும் ஏழு. எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் எதிரொலிக்கு என்னைவிட நல்ல குரல் எப்படி வரும்.

"எட்டு" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சாகுல் பாய் கடை. கண்ணாடி அலமாரி மேல் ரேடியோ. சுற்றிலும் மண்டிக்குப் போகிற ஆட்கள், கையில் டீ. ரேடியோவில் நான், "எட்டு."

மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். கடையில் எல்லாரும் ரேடியோவைப் பார்த்துக் காத்திருந்தார்கள். பிறகு ஒருவர் பொறுக்காமல், "ஒம்பது" என்றார். மொத்தக் கடையும் சேர்ந்து, "பத்து" என்றது.

கருவிகள் அடுக்கிய ரேக்கின் பின்னால் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு ஜெஸிந்தா ரேக்கைச் சுற்றிச் சீரியல் லைட் கட்டியிருந்தாள். எங்களில் யாரையும்விட ஆயுத பூஜையை ஆசையாகக் கொண்டாடுகிறவள் அவள்தான். தீபாவளி வரை இருக்கட்டும் என்று விட்டிருந்தோம். சீரியல் லைட்டை எங்கே செருகியிருக்கிறாள் என்றால், ஆன்டெனாவையும் லோடையும் மாற்றும் சுவிட்சுக்கு மின்சாரம் போகும் இடத்தில். சுவிட்சின் பிளக் தரையில் கிடந்தது. என் பொத்தானில் விளக்கு எரியும். அந்த விளக்குக்கு மின்சாரம் டிரான்ஸ்மிட்டரிலிருந்து. உள்ளே சுவிட்சு மட்டும் அசையாது. ஆயுத பூஜையன்று ஆன்டெனாவில் நின்றது இன்றுவரை ஆன்டெனாவிலேயே நிற்கிறது.

விழுங்குபெட்டி ஏன் குளிர்ந்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

எறும்பு. செருப்பு. என் வயிறு. செருமல். ஐயோ, குளியலறை.

படியிறங்கியபோது சாகுல் பாய், "என்னக்கா, பாதியில விட்டுட்டிய? நாங்கல்லா முடிச்சி வச்சோம்" என்றார். நான் எதுவோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

காய்ச்சல் என்று சொல்லி லீவு. காய்ச்சல் இல்லை. போர்வைக்குள் கிடந்து வெட்கப்பட்டேன், சிரித்தேன், மறுபடி வெட்கப்பட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து செண்பகவல்லியிடம் சொல்லிவிட்டார்கள். அவள் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊரே கேட்டிருக்கு. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு நான் மட்டும் தூங்கிட்டேன். என்னைய பத்தி ஏதும் சொன்னியளா?"

"இல்லை."

"ஒண்ணுமே சொல்லலியா?" என்றாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

அக்டோபர் 16, வியாழன்

துரைராஜ் சார் அறைக் கதவைச் சாத்தினார். வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன்.

"காலையில ஒரு பொம்பள பேசுதாவளே, யாருன்னு ஒரு வாரமா போன். வேற ஸ்டேஷனா இருக்கும்னு சொல்லி நானே போனை வச்சிட்டேன்" என்றார். "எங்க வீட்டம்மா அலாரம் வச்சு எந்திரிச்சிக் கேட்டிருக்கா. அது நீதான்னு நேத்துத்தான் சொல்லுதா. அந்தச் செருமுற சாரு யாரும்மா?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"நானா?"

"ஆமா சார்."

"சத்தமாச் சொல்லு."

"ஆமா சார்."

கொஞ்ச நேரம் சுக்கு மிட்டாயைக் கடித்தார். "லாரி சரி. கியர் மாத்துறது கொஞ்சம் சாஸ்தி" என்றார். பிறகு சிரித்துவிட்டார். எனக்கும் உயிர் வந்தது. நம் ஒலிபரப்பு அனுமதி எந்த நேரத்துக்கும் பொருந்தும், அதில் சிக்கல் இல்லை என்று அவரே சொன்னார். தீபாவளியன்று காலை ஐந்தரைக்கு இதை நிகழ்ச்சியாகவே தொடங்கலாம் என்றார். எனக்குக் காது சூடாகியது.

"நீ எழுதிக் குடு. ஜெஸிந்தா பேசட்டும். சரக்கு ஒன்னுது, குரல் அவளுது."

"கேட்டவங்க..."

"என்னது?"

"கேட்டவங்க என் குரலைத்தானே சார் கேட்டாங்க?"

"அது ஒன் குரல் இல்லம்மா. பொட்டியோட குரல். பொட்டியை எடுத்துட்டா என்ன இருக்கு? நாளைக்கு அது ரிப்பேர் ஆச்சுன்னா நிகழ்ச்சியும் படுத்துரும். ஜெஸிந்தான்னா மின்சாரம் போனாக்கூட மண்டி வரைக்கும் கேக்கும்." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

சரி என்றுவிட்டேன். எனக்கொன்றும் வருத்தமில்லை. எழுதுவதும் பிடித்த வேலைதான்.

அக்டோபர் 17, வெள்ளி

ஒத்திகை. எறும்புக் கதையையே எழுதிக் கொடுத்தேன். ஜெஸிந்தா நிமிர்ந்து உட்கார்ந்து, "அன்பார்ந்த நேயர்களே, இன்று அதிகாலைப் பொழுதில் எறும்புகள்" என்றாள். எறும்புகள் யானை அளவுக்கு வந்தன. என் குரலுக்குச் செட்டிங் செய்திருந்த பெட்டி எல்லா விளக்கையும் சிவப்பாக்கி அவளைப் பிடித்து அமுக்கியது.

"யக்கா, 'அசையவில்லை'ங்கத சோகமாச் சொல்லணுமா, கோவமாச் சொல்லணுமா?"

"சும்மா சொல்லு."

"சும்மான்னா எப்பிடிக்கா?"

சொல்லிக் காட்டினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்களே பேசலாம்லா" என்றாள்.

"ச்சே, எனக்கெதுக்கு" என்றேன்.

சாருக்கு ஒத்திகை பிடித்திருந்தது. தீபாவளிக்குள் பெட்டியை ஜெஸிந்தா குரலுக்கு மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 18, சனி

சுவிட்சின் பிளக் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. ஐந்தரைக்கு விழுங்குபெட்டி உண்மையாகவே சுட்டது. எதிர்க் கடையில் ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. சாகுல் பாய் அதைத் தட்டிப் பார்த்தார், ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தார். யாரோ, "பாய், செத்த நேரம் பொறும், வருவாவ" என்றார்கள். நான் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்ய வேண்டியது ஜெஸிந்தாவுக்கான செட்டிங். செய்தது வேறு. பெட்டியின் தூக்கும் வேலையை நிறுத்திவிட்டு, லிமிட்டரை மட்டும் காவலுக்கு வைத்து, என் குரலைப் பதிவு செய்து கேட்டேன். சின்னதாக இருந்தது. தூரத்தில் இருந்தது. ஹெட்போனின் அளவைக் கையால் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

வந்துவிட்டாள். அதே பெண். தோளில் அதே கை.

சென்னியப்பனைக் கூப்பிட்டு, பெட்டி ஒரு குரலை வேறு குரலாக மாற்றிவிடுமா என்று கேட்டேன்.

"அதெப்படீங் ஆகும்? இருக்கறதைத்தானுங்க தூக்கும். இல்லாததைக் கொண்டாந்து வெக்க அதென்ன மந்திரப் பொட்டியா? ஏனுங், யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "இப்பத்தானுங்க மேடம், போன்ல நீங்க பேசறது மொதத் தடவையே கேக்குது" என்றார்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி, வீடெல்லாம் எண்ணெய் வாசம். செண்பகவல்லி முறுக்குப் பிழிய, நான் திருப்பிப் போட்டேன். சொல்லிவிடலாமா என்று நாலைந்து முறை வாயெடுத்தேன். அவளிடம் சொன்னால் முறுக்கு வேகும் முன் தெருக்கோடிக்குப் போய்விடும். "என்ன மைனி, தானாச் சிரிக்கிய?" என்றாள். முறுக்கு நன்றாக வந்திருக்கிறது என்றேன். அது கருகியிருந்தது.

ஜெஸிந்தாவுக்கு எழுதிய தாளை நாளைக்கு நான் கொடுக்கப் போவதில்லை. மைக்குக்கு முன்னால் இருக்கிற நாற்காலியில் நான் உட்காரப் போகிறேன். துரைராஜ் சார் கத்தட்டும். அவர் செருமி முடிப்பதற்குள் நான் பேசத் தொடங்கியிருப்பேன். முதலில் பெயரைச் சொல்வேன், சங்கரகோமதி என்று, முழுசாக.

பெட்டி எனக்குத் துணைக்கு வராது. தூக்கும் வேலையை நிறுத்திவிட்டுத்தான் பேசப் போகிறேன், முதல் நிகழ்ச்சி முழுவதும். கடையிலும் மண்டியிலும் என் குரல் சின்னதாகத்தான் போய்ச் சேரும். வேண்டுமென்கிறவர்கள் கையை நீட்டிக் குமிழைத் திருகிக்கொள்ளட்டும்.